'மே' என்றால் யார் விருப்பம்?

1963 ஏப்ரலில் உள்துறை அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி மக்களவையில் ஆட்சிமொழி மசோதாவைக் கொண்டுவந்தபோது, சென்னை மாநிலத்திலிருந்து எழுந்த எதிர்ப்பின் கூர்முனை ஒரே ஓர் ஆங்கிலச் சொல்லின் மேல் பாய்ந்தது. அரசமைப்புச் சட்டம் வகுத்த 15 ஆண்டுக் கெடு முடிந்த பிறகும், இந்தியோடு சேர்த்து ஆங்கிலமும் தொடர்ந்து பயன்படுத்தப்படலாம் என்றது மசோதாவின் மூன்றாவது பிரிவு. அந்த 'லாம்' ஆங்கில வாசகத்தில் 'மே'. அங்கே 'ஷல்' என்று இருக்க வேண்டும், அதாவது பயன்படுத்தப்பட்டே ஆக வேண்டும் என்றது திமுக. இன்று 'மே' என்று எழுதி வைத்தால், நாளை வரும் ஓர் அரசு அதை 'வேண்டாம்' என்று படித்துக்கொள்வதைத் தடுப்பது எது என்பது அப்போது மாநிலங்களவை உறுப்பினராக இருந்த அண்ணாவின் கேள்வி. இந்தி பேசாத மக்கள் விரும்பும்வரை ஆங்கிலம் நீடிக்கும் என்று 1959 ஆகஸ்ட் 7 அன்று பிரதமர் நேரு தந்த வாக்குறுதி இருக்கிறதே என்பது ஆளுங்கட்சியினரின் ஆறுதலாக இருந்தது. வாக்குறுதி சட்டம் ஆகாது என்பது எதிர்ப்பாளர்களின் பதில். ஏப்ரல் 27 அன்று மசோதா மக்களவையில் நிறைவேறியது, சொல் மாறவில்லை. மூன்றெழுத்து ஆங்கிலச் சொல் ஒன்றுக்காக இவ்வளவு வாதாட வேண்டுமா என்று அன்று கேட்டவர்கள் உண்டு. வேண்டும் என்பதற்கு அதற்குப் பிறகான சட்ட வரலாறு நெடுகச் சான்றுகள் கிடைக்கின்றன. சட்டத்தில் 'மே' என்பது பணிவான, மென்மையான சொல் அல்ல. முடிவை ஒருவர் கையில் கொடுத்து, காத்திருப்பை இன்னொருவர் தலையில் ஏற்றும் சொல் அது.

ஆங்கிலம் கற்கத் தொடங்கும் தமிழ்நாட்டுக் குழந்தை முதலில் பழகும் வாக்கியங்களில் ஒன்று, வகுப்பு வாசலில் நின்று சொல்லும் 'மே ஐ கம் இன்'. உள்ளே வர அனுமதி கேட்பது இது. மழை வந்தாலும் வரும், வராமலும் போகும் என்பதைச் சொல்லவும் அதே சொல்தான். நீடூழி வாழ்க என்று வாழ்த்துவதற்கும் பழைய நடையில் அதுவே முன்னால் வந்து நிற்கும். வங்கியிலும் காவல் நிலையத்திலும் 'மே ஐ ஹெல்ப் யூ' என்ற பலகையைப் பார்க்கிறோம். மாதத்தின் பெயருக்கும் இதற்கும் உறவில்லை. அது லத்தீன் வழி வந்த வேறு சொல். இந்தத் துணைவினையோ பழைய ஆங்கிலத்தில் 'வலிமை பெற்றிரு', 'இயலும்' என்ற பொருளில் வழங்கிய வினையிலிருந்து பிறந்தது. வலிமையைக் குறிக்கும் 'மைட்' என்ற பெயர்ச்சொல்லும் அதே வேரினது. வலிமையைக் குறித்த வினை இயல்வதைக் குறித்து, பிறகு அனுமதியையும் ஐயத்தையும் குறிக்கலாயிற்று. பேச்சில் இதனால் யாருக்கும் நட்டமில்லை. வாசலில் நிற்கும் மாணவன் 'மே' என்கிறான், உள்ளே இருக்கும் ஆசிரியர் 'வா' என்கிறார். யார் கேட்பவர், யார் கொடுப்பவர் என்பது இருவருக்கும் தெரியும். சட்டப் புத்தகத்தில் இந்த இடங்கள் தலைகீழாகின்றன. அங்கே 'மே' என்ற சொல் சேர்ந்திருப்பது அரசு, ஆளுநர், குடியரசுத் தலைவர், அதிகாரி ஆகிய பெயர்களோடு. வாசலில் நிற்பவன் குடிமகன். ஆனால் அந்த வாக்கியத்தில் அவன் பெயரே இருப்பதில்லை.

இது ஆங்கிலத்துக்கு மட்டும் உள்ள குறை என்று நினைப்பதும் சரியல்ல. நம்முடைய 'லாம்' விகுதியும் இதே சுமையைத் தாங்குகிறது. 'நீ போகலாம்' என்பது அனுமதி. சில நேரம் அதுவே 'வெளியே போ' என்ற கட்டளை. 'அவர் வரலாம்' என்பது ஐயம். 'வா, போகலாம்' என்பது அழைப்பு. குரலும் முகமும் இடமும் பொருளைப் பிரித்துக் காட்டுவதால் நாம் தடுமாறுவதில்லை. அச்சிட்ட சட்டத்துக்குக் குரலும் இல்லை, முகமும் இல்லை. பிஸ்கட் பொட்டலத்தின் பின்புறம் இருக்கும் சிறு எழுத்துகளிலேயே இந்தச் சிக்கலைப் பார்க்க முடியும். ஒவ்வாமை தரும் பொருள் ஒன்று உணவில் கலந்திருக்க வாய்ப்பிருந்தால் 'மே கன்டெய்ன்' என்று அச்சிட 2020-ஆம் ஆண்டின் உணவு லேபிள் விதிமுறைகள் இடம் தருகின்றன. ஒரே ஆலையில் வேர்க்கடலையும் அரைபடுகிறது என்றால் அந்த எச்சரிக்கை நேர்மையானது. ஆனால் வேர்க்கடலை ஒத்துக்கொள்ளாத பிள்ளையின் தாய்க்கு, வாங்குவதா வேண்டாமா என்பதற்கு அதில் விடை இல்லை. எச்சரித்துவிட்டதாகச் சொல்லத் தயாரிப்பாளருக்கு ஒரு வரி கிடைக்கிறது. ஆபத்தை எடைபோடும் வேலை வாங்குபவருக்கு வருகிறது. பருவநிலை மாற்றத்துக்கான பன்னாட்டு அரசுக் குழு தன் அறிக்கைகளில் இந்த வழுக்கலைத் தவிர்க்க அளவுகோல் வைத்திருக்கிறது. ஒன்று 'நிகழக்கூடும்' என்று அந்த அறிக்கை குறிப்பிட்டால் அதற்கு 66 சதவீதம் அல்லது அதற்கு மேல் வாய்ப்பு. 'மிகவும் நிகழக்கூடும்' என்றால் 90-க்கு மேல். விருப்பமிருந்தால் சொல்லுக்கு எல்லை கட்ட முடியும் என்பதற்கு இது சான்று.

மீண்டும் ஆட்சிமொழிக்கு வருவோம். அரசமைப்புச் சட்டத்தின் 343-ஆவது கூறை வரிசையாகப் படித்தால் அண்ணாவின் அச்சம் வெறும் அரசியல் அச்சமில்லை என்பது தெரியும். முதல் 15 ஆண்டுகளுக்கு ஆங்கிலம் தொடரும் என்று கூறும் இரண்டாம் உட்கூறில் இருப்பது 'ஷல்'. அந்த 15 ஆண்டுகளுக்குப் பின் ஆங்கிலத்தைப் பயன்படுத்த நாடாளுமன்றம் சட்டம் இயற்றலாம் என்னும் மூன்றாம் உட்கூறில் இருப்பது 'மே'. ஒரே கூறில் அடுத்தடுத்து இரண்டு சொற்களை வைத்தவர்களுக்கு இரண்டின் வேறுபாடு தெரியாமல் இருந்திருக்காது. கடமையிலிருந்து விருப்பத்துக்கு ஏற்கெனவே ஒரு படி இறங்கியாயிற்று. 1963-இன் சட்டம் அந்த விருப்பத்துக்குள் இன்னொரு விருப்பத்தை வைத்தது. 1965 சனவரியில் சென்னை மாநிலம் பற்றி எரிந்ததும், பிப்ரவரியில் மத்திய அமைச்சர்கள் சி. சுப்பிரமணியமும் ஓ.வி. அளகேசனும் பதவி விலகல் கடிதம் கொடுத்ததும், சாஸ்திரி வானொலியில் பேசி நேருவின் வாக்குறுதியை மறுபடியும் உறுதி செய்ததும் எல்லோரும் அறிந்தவை. அதற்குப் பின் வந்த 1967-ஆம் ஆண்டுத் திருத்தத்தைத்தான் கவனமாகப் படிக்க வேண்டும். மூன்றாம் பிரிவின் முதல் உட்பிரிவில் அந்த 'மே' இன்றும் அப்படியே இருக்கிறது. ஆனால் அதைச் சுற்றி வேலி போட்டார்கள். இந்தியை ஆட்சிமொழியாக ஏற்காத மாநிலத்தோடு ஒன்றிய அரசு நடத்தும் கடிதப் போக்குவரத்துக்கு ஆங்கிலமே பயன்படுத்தப்படும் என்று 'ஷல்' போட்டு ஒரு வரி சேர்ந்தது. தீர்மானங்கள், பொது ஆணைகள், அறிவிக்கைகள் முதலியவை இரு மொழியிலும் இருந்தாக வேண்டும் என்று இன்னொரு 'ஷல்' வந்தது. எல்லாவற்றுக்கும் மேலாக, இந்தியை ஏற்காத அத்தனை மாநிலச் சட்டமன்றங்களும், பிறகு நாடாளுமன்றத்தின் இரு அவைகளும் தீர்மானம் நிறைவேற்றினாலன்றி இந்த ஏற்பாடுகள் முடிவுக்கு வராது என்று ஐந்தாம் உட்பிரிவு பூட்டுப் போட்டது. அதாவது, விருப்பம் யாருடையது என்பதைச் சட்டம் வெளிப்படையாக எழுதி, அதை டெல்லியின் கையிலிருந்து எடுத்து மாநிலங்களிடமும் பகிர்ந்தது. அண்ணா நோயைச் சரியாகவே கண்டறிந்தார் என்பது என் துணிபு. ஆனால் மருந்து அவர் கேட்ட ஒற்றைச் சொல்லைவிடப் பெரியதாக இருக்க வேண்டியிருந்தது.

வேலியில்லாத 'மே' எப்படி நடந்துகொள்ளும் என்பதைப் பார்க்க வெகுதூரம் போக வேண்டாம். உயர் நீதிமன்ற வழக்காடு மொழி பற்றிய 348-ஆவது கூறின் இரண்டாம் உட்கூறு, குடியரசுத் தலைவரின் முன் இசைவோடு ஆளுநர் இந்தியையோ மாநிலத்தின் ஆட்சிமொழியையோ உயர் நீதிமன்ற நடவடிக்கைகளில் அனுமதிக்கலாம் என்கிறது. அங்கேயும் 'மே'. அதன்படி ராஜஸ்தானில் 1950-இலேயே இந்திக்கு அனுமதி கிடைத்தது. உத்தரப் பிரதேசத்துக்கு 1969, மத்தியப் பிரதேசத்துக்கு 1971, பிகாருக்கு 1972. சென்னை உயர் நீதிமன்றத்தில் தமிழ் வேண்டும் என்று தமிழ்நாடு சட்டமன்றம் 2006-இல் தீர்மானம் நிறைவேற்றியது. கிடைக்கவில்லை. இத்தகைய கோரிக்கை வந்தால் இந்தியத் தலைமை நீதிபதியைக் கலந்துகொள்ள வேண்டும் என்று 1965 மே 21 அன்று ஒன்றிய அமைச்சரவைக் குழு எடுத்த முடிவு ஒன்று இருக்கிறது. தமிழ்நாடு, மேற்கு வங்கம், கர்நாடகம், குஜராத், சத்தீஸ்கர் ஆகியவற்றின் கோரிக்கைகளை ஏற்பதற்கில்லை என்று உச்ச நீதிமன்ற நீதிபதிகளின் முழு அமர்வு 2012-இல் முடிவெடுத்தது. 348-ஆவது கூறின் எந்த வரியிலும் நீதிபதிகளின் சம்மதம் ஒரு நிபந்தனையாக இல்லை. எப்போது கொடுக்க வேண்டும், எதன் அடிப்படையில் மறுக்கலாம், எத்தனை நாளில் பதில் சொல்ல வேண்டும் என்று எதையுமே சொல்லாமல் 'லாம்' என்று நிறுத்திக்கொண்ட வாக்கியத்தின் வெற்றிடத்தை ஓர் அமைச்சரவைக் குழுவின் முடிவு நிரப்பிவிட்டது. ஒரே சொல் நான்கு மாநிலங்களுக்குக் கதவைத் திறந்தது, தமிழுக்குச் சாத்தியது. இரண்டுமே சட்டப்படி சரி என்பதுதான் இந்தச் சொல்லின் ஆபத்து.

இதைவிட அமைதியாக வேலை செய்யும் இன்னொரு 'மே' உண்டு. ஏராளமான சட்டங்களின் முதல் பிரிவிலேயே, யாரும் விவாதிக்காத இடத்தில், அது உட்கார்ந்திருக்கும். 'அரசு அரசிதழில் அறிவிக்கும் நாளில் இச்சட்டம் நடைமுறைக்கு வரும்' என்னும் வரியின் ஆங்கில மூலத்தில் அரசு என்ற சொல்லை ஒட்டி வருவது 'மே'. 6 முதல் 14 வயது வரையுள்ள குழந்தைகளுக்குக் கட்டணமில்லாக் கல்வியை அடிப்படை உரிமையாக்கிய 86-ஆவது அரசமைப்புத் திருத்தம் 2002 டிசம்பரில் ஒப்புதல் பெற்றது. அது நடைமுறைக்கு வந்தது 2010 ஏப்ரல் 1 அன்று. திருத்தம் நிறைவேறியபோது ஆறு வயதில் இருந்த குழந்தை அந்த உரிமை கைக்கு வந்தபோது 13 வயதை எட்டியிருந்தது. வழக்கறிஞர்கள் நாட்டின் எந்த நீதிமன்றத்திலும் தொழில் நடத்தும் உரிமையைத் தரும் 30-ஆவது பிரிவு 1961-ஆம் ஆண்டின் வழக்கறிஞர்கள் சட்டத்தில் எழுதப்பட்டது; அறிவிக்கப்பட்டது 2011-இல். நெருக்கடி நிலையின் கொடுமைகளுக்குப் பிறகு ஜனதா ஆட்சியில் வந்த 44-ஆவது திருத்தத்தின் கதை இன்னும் கடுமையானது. விசாரணையின்றி ஒருவரைத் தடுப்புக் காவலில் வைப்பதற்கு, அறிவுரைக் குழுவின் கருத்தைப் பெறாமல் வைத்திருக்கக்கூடிய காலத்தை மூன்று மாதங்களிலிருந்து இரண்டாகக் குறைத்தது அதன் மூன்றாவது பிரிவு. அறிவுரைக் குழுவின் அமைப்பையும் மேலும் சுதந்திரமானதாக மாற்றியது. 1979 ஏப்ரல் 30 அன்று குடியரசுத் தலைவர் ஒப்புதல் தந்தார். அந்தப் பிரிவு மட்டும் இன்றுவரை அறிவிக்கப்படவில்லை. எல்லா நிறக் கொடிகளின் கீழும் அரசுகள் வந்து போய்விட்டன. குண்டர் சட்டத்தில் பிள்ளைகளைச் சிறைக்கு அனுப்பிவிட்டு நீதிமன்றத்துக்கு அலையும் தமிழ்நாட்டுக் குடும்பங்களுக்கு, அந்த ஒரு மாதம் ஏட்டில் மட்டுமே கிடக்கிறது. ஏ.கே. ராய் வழக்கில் 1981-இல் இது உச்ச நீதிமன்றத்துக்கு வந்தது. நடைமுறைக்குக் கொண்டுவரும் நாளை நாடாளுமன்றமே அரசின் விருப்பத்துக்கு விட்டிருக்கும்போது நாங்கள் கட்டளையிட முடியாது என்றது பெரும்பான்மைத் தீர்ப்பு. நாட்டின் பிரதிநிதிகள் வாக்களித்துத் திருத்திய அரசமைப்புச் சட்டத்தையே ஒரு நிர்வாக மௌனம் நிறுத்தி வைக்க முடிகிறது என்றால், அந்த மௌனத்துக்குச் சட்டத் துணை தருவது இந்தச் சொல்தான்.

இதற்கு வரக்கூடிய மறுப்புகளில் வலுவானது நீதிமன்றம் பற்றியது. சொல்லைப் பார்த்து நீதிபதிகள் மயங்குவதில்லை, நோக்கத்தையும் சூழலையும் பார்த்தே பொருள் கொள்கிறார்கள். 'மே' என்று இருந்தாலும் தேவைப்பட்டால் 'ஷல்' என்றே படிப்பார்கள் என்பது அந்த வாதம். உண்மைதான். 1880-இல் ஆக்ஸ்போர்டு பிஷப் மீதான ஜூலியஸ் வழக்கில் பிரிட்டிஷ் பிரபுக்கள் சபை இந்தக் கோட்பாட்டைத் தெளிவாக வகுத்தது. அனுமதி தரும் சொற்கள் தம்மளவில் அனுமதி மட்டுமே. ஆனால் அந்த அதிகாரம் யாருடைய நலனுக்காகக் கொடுக்கப்பட்டதோ அவர்கள் கேட்கும்போது அதைப் பயன்படுத்தும் கடமையும் கூடவே ஒட்டிக்கொண்டிருக்கக் கூடும். அண்ணா மாநிலங்களவையில் வாதாடிய அதே 1963-இல், உத்தரப் பிரதேச அரசுக்கும் ஜோகேந்திர சிங்குக்கும் இடையிலான வழக்கில் இந்திய உச்ச நீதிமன்றம் அப்படித்தான் தீர்ப்பளித்தது. அரசு அலுவலர் கேட்டுக்கொண்டால் அவர் வழக்கை ஆளுநர் தீர்ப்பாயத்துக்கு அனுப்பலாம் என்ற விதியில், 'அனுப்பலாம்' என்பதை 'அனுப்பியாக வேண்டும்' என்று படித்தது. 2023 நவம்பரில் பஞ்சாப் ஆளுநர் வழக்கிலும், ஒப்புதலை நிறுத்தி வைக்கும் ஆளுநர் மசோதாவைச் சட்டமன்றத்துக்குத் திருப்பி அனுப்பியே ஆக வேண்டும் என்றது. 200-ஆவது கூறின் அந்த வரியில் இருப்பதும் 'மே'தான். ஆனால் இந்தத் தீர்ப்புகளே என் வாதத்துக்குத் துணை. அரசமைப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்து 73 ஆண்டுகள் கழித்து ஒரு மாநில அரசு உச்ச நீதிமன்றம் வரை போன பிறகே அந்தப் பொருள் வெளிச்சத்துக்கு வந்தது. மாநில அரசுக்கே இந்த நிலை என்றால், முதியோர் ஓய்வூதிய விண்ணப்பத்தோடு வட்டாட்சியர் அலுவலகத்தில் நிற்கும் மூதாட்டி எந்த நீதிமன்றத்துக்குப் போவார்? அவரைப் பொறுத்தவரை சட்டத்தின் பொருள், மேசைக்கு அப்பால் இருப்பவர் அதை எப்படிப் படிக்கிறாரோ அதுவே.

'ஷல்' மட்டும் என்ன வாழ்கிறது என்றும் கேட்கலாம். கேள்வி நியாயமானது. அரசு அலுவலர் மீதான ஒழுங்கு நடவடிக்கையில் தேர்வாணையத்தைக் கலந்துகொள்ள வேண்டும் என்று 320-ஆவது கூறு 'ஷல்' போட்டே கூறுகிறது. அதைக் கலக்காமல் எடுத்த நடவடிக்கை செல்லும், அது வழிகாட்டுதல் மட்டுமே என்று 1957-இல் மன்போதன் லால் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆகவே எல்லா 'மே'யையும் அழித்து 'ஷல்' எழுதிவிட்டால் தீர்ந்தது என்று நான் சொல்லவில்லை. 'ஷல்' வழுக்குகிறது என்று கண்ட நாடுகள் அதையும் கைவிட்டன. தென்னாப்பிரிக்காவின் 1996 அரசமைப்புச் சட்டம் கடமைகளை 'மஸ்ட்' என்ற சொல்லாலேயே விதிக்கிறது. அமெரிக்கக் கூட்டாட்சி உரிமையியல் நடைமுறை விதிகள் 2007-இல் திருத்தி எழுதப்பட்டபோது 'ஷல்' அடியோடு நீக்கப்பட்டது. கனடாவின் பொருள்விளக்கச் சட்டம் எது கட்டாயம், எது அனுமதி என்பதை 11-ஆவது பிரிவில் ஒரே வரியில் முடித்துவிடுகிறது. இணையத்தின் நெறிமுறைகளை எழுதும் பொறியாளர்கள் 1997-இல் வெளியிட்ட 2119-ஆம் ஆவணம் இவர்கள் எல்லோரையும்விடக் கறாரானது. 'மஸ்ட்', 'ஷுட்', 'மே' ஒவ்வொன்றுக்கும் பொருள் வரையறுத்துவிட்டு, ஒரு வசதி 'மே' என்று குறிக்கப்பட்டிருந்தால் அதைச் சேர்க்காதவரும் சேர்த்தவரோடு இணைந்து இயங்கத் தயாராக இருக்க வேண்டும் என்ற கடமையையும் அந்த ஆவணம் சேர்த்து எழுதுகிறது. ஒருவருக்குக் கிடைத்த விருப்பம் மற்றவருக்கு இடைஞ்சலாகக் கூடாது என்ற இந்த எண்ணம் நம் சட்ட வரைவாளர்களுக்கு ஏன் வரக் கூடாது? நம்முடைய 1897-ஆம் ஆண்டின் பொது உட்பிரிவுகள் சட்டம் எத்தனையோ சொற்களுக்குப் பொருள் கூறுகிறது, இவ்விரண்டுக்கும் கூறவில்லை.

அதிகாரிக்கு நெகிழ்வு வேண்டாமா என்பது மற்றொரு மறுப்பு. கட்டாயம் வேண்டும். வெள்ளம் வந்தால் எந்தப் பள்ளியை நிவாரண முகாமாக்குவது என்பதை ஆட்சியர்தான் முடிவு செய்ய வேண்டும். அதைச் சட்டத்தில் முன்கூட்டியே எழுத முடியாது. தண்டனைக் குறைப்பு, அபராதத் தளர்வு போன்ற கருணைக்குரிய இடங்களிலும் 'மே' இருக்கத்தான் வேண்டும். ஆனால் எப்படிச் செய்வது என்பதில் நெகிழ்வு வேறு, செய்வதா வேண்டாமா என்பதில் நெகிழ்வு வேறு. முன்னது நிர்வாகத்துக்குத் தேவை. பின்னதைக் கொடுப்பதென்றால் அதற்கான காரணத்தைச் சட்டமன்றம் சொல்லியாக வேண்டும். பயன்படுத்த மறுக்கும்போது எழுத்துமூலம் காரணம் தரும் கடமையையும், பதில் தருவதற்கான காலவரம்பையும் அதே பிரிவில் சேர்த்தால், விருப்பம் விருப்பமாகவே இருக்கும், தான்தோன்றித்தனமாகாது. தொடக்க நாள் பற்றிய வரியில் செய்ய வேண்டியது இதைவிட எளிது. அரசு அறிவிக்கும் நாள், அல்லது ஒப்புதல் கிடைத்து ஓராண்டு முடியும் நாள், இவற்றில் எது முன்னதோ அது என்று எழுதினால் போதும். விதிகள் எழுத, பணியாளர்களை அமர்த்த, நிதி ஒதுக்க ஓராண்டு போதாது என்று ஓர் அரசு நினைத்தால், அவைக்கு வந்து காரணம் சொல்லி நீட்டிப்புக் கேட்கட்டும்.

தமிழ்நாடு இதைத் தானே தொடங்க முடியும். மாநிலச் சட்டங்களின் தமிழ் வாசகத்தில் 'செய்யலாம்' என்று எழுதும் ஒவ்வோர் இடத்திலும், அது அதிகாரமா, கடமையா என்று வரைவாளர் முடிவுசெய்து, அதிகாரமென்றால் 'அதிகாரம் உண்டு' என்றும் கடமையென்றால் 'செய்ய வேண்டும்' என்றும் பிரித்து எழுத எந்த டெல்லி அனுமதியும் தேவையில்லை. தமிழில் அதற்குச் சொல் பஞ்சமும் இல்லை. நாடாளுமன்றத்திலும் சட்டமன்றத்திலும் உட்கார்ந்திருக்கும் உறுப்பினர்களிடம் கேட்பது ஒன்றுதான். அடுத்த மசோதா உங்கள் மேசைக்கு வரும்போது முதல் பிரிவைத் திருப்பிப் பாருங்கள். 'அரசு அறிவிக்கும் நாளில்' என்று இருந்தால், எந்த நாள் என்று எழுந்து கேளுங்கள். நாள் எழுதப்படும்வரை அந்தப் பிரிவுக்கு 'ஆம்' என்று குரல் கொடுக்காதீர்கள்.